ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், நாலு பக்கப் படிவம், மூன்று கேள்வி: ஒரு கிறிஸ்தவ வரன் மையத்தில் பதினோரு மாதம்

மையத்தின் பெயரைப் போடவில்லை. குறைகள் நிறையச் சொல்லப் போகிறேன், நடத்துகிறவர்கள் வயதானவர்கள், அவர்கள் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது. கோவையில் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம், ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை, அந்த வரைக்கும் சொல்கிறேன். ஈரோட்டிலும் திருப்பூரிலும் இதே மாதிரி இன்னும் இரண்டு இடம் ஏறி இறங்கிவிட்டேன். எல்லா இடத்திலும் ஏறத்தாழ இதே படிவம், ஏறத்தாழ இதே நோய். அதனால் நீங்கள் வேறு மையத்துக்குப் போவதாக இருந்தாலும் படித்துவிட்டுப் போங்கள்.

திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் செய்கிறவன் நான். ஓவர்லாக், பிளாட்லாக் எல்லாம் சேர்த்து 12 மெஷின். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. மூத்த மகளுக்கு 26 வயது, பி.காம். முடித்துவிட்டு ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறாள். மெஷின் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த பிள்ளை, எதையும் சத்தமாகத்தான் கேட்பாள்.

எங்களுக்கு மையமே தேவையில்லை என்றுதான் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். தங்கச்சி மகன் இருக்கிறான். 28 வயது, வெள்ளகோவில் பக்கம் நூல் மில்லில் சூப்பர்வைசர், குடி கிடையாது, கடன் கிடையாது, மாமா என்று வாய் நிறையக் கூப்பிடுகிற பையன். முறைமாப்பிள்ளை. வேறென்ன வேண்டும்?

தங்கச்சியை 30 வருடத்துக்கு முன்னால் எங்கப்பா இந்துக் குடும்பத்தில் கொடுத்தார். அப்பாவுக்கு அப்போது உடம்பு சரியில்லை, கண் மூடுவதற்குள் ஒரு காரியத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம். தங்கச்சிக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. அடித்தார்கள், வேதாகமத்தைக் கிழித்தார்கள் என்றெல்லாம் சாட்சிக் கூட்டங்களில் சொல்வார்களே, அப்படி எதுவும் நடக்கவில்லை. மச்சான் தங்கமான மனுஷர். அவள் கொண்டுபோன வேதாகமம் பீரோவில் கல்யாணப் பட்டுக்கு அடியில் இருக்கிறது. எடுக்காதே என்று யாரும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் கறி எடுக்கிற நாள், ஒறம்பரை (விருந்தாளிகள்) வருகிற நாள், அடுப்பை விட்டு நகர முடியாது. முதல் வருடம் மாதம் ஒரு தடவை எங்கள் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, வந்தாள். அப்புறம் ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும். அப்புறம் கிறிஸ்துமஸுக்கு மட்டும். போன கிறிஸ்துமஸ் ஆராதனையில் என் வீட்டுக்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாட்டு எண்ணைச் சொல்லி, ஆர்கன் வாசித்து, முதல் சரணமும் முடிந்துவிட்டது, இவள் இன்னும் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். ஞாயிறு பள்ளியில் வசனப் போட்டிக்கு வருடா வருடம் பரிசு வாங்கினவள். வீட்டுக்குப் போகும்போது மூத்தவள்தான் கேட்டாள், "அத்தைக்கு எல்லாம் மறந்து போச்சாப்பா?" ஜனவரியில் கோவைக்குப் போய்ப் பதிவு செய்தோம்.

பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய், ஒரு வருடத்துக்கு. முதல் பத்து வரன் விவரம் இலவசம், அதற்கு மேல் ஒன்றுக்கு 50 ரூபாய். திருமணம் முடிந்தால் அன்பின் காணிக்கை, தொகை உங்கள் விருப்பம் என்று மையத்தை நடத்துகிற ஐயா சொன்னார். விருப்பம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையும் அடுத்த வாக்கியத்திலேயே சொன்னார், அது பத்தாயிரத்துக்குக் குறையாமல் இருந்தது. ரசீது கையால் எழுதித் தருகிறார்கள். சனிக்கிழமை மட்டும் காலை 10 முதல் 4 வரை. நாற்காலி ஆறு. சுவரில் ரெபெக்காள் குடத்தோடு கிணற்றடியில் நிற்கிற பழைய காலண்டர் படம் ஒன்று, ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறது. ஆண்களுக்கு நீல லெட்ஜர், பெண்களுக்குச் சிவப்பு லெட்ஜர், வாட்ஸ்அப்பில் விவரம் அனுப்பப் பேரன் ஒருவன்.

படிவம் நாலு பக்கம். முதல் பக்கம் எல்லா இடத்திலும் இருப்பதுதான்: உயரம், நிறம், படிப்பு, சம்பளம், சொந்த வீடா வாடகையா. இரண்டாம் பக்கத்துக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் போனது. சபை எது, ஞானஸ்நானம் பெற்ற வருடம், திடப்படுத்தல் (வளர்ந்த பிறகு விசுவாசத்தை உறுதிசெய்கிற சடங்கு) ஆகிவிட்டதா, திருவிருந்து எடுக்கிறவரா, வீட்டில் குடும்ப ஜெபம் உண்டா, யார் நடத்துகிறார், கடைசியாக "உங்கள் விசுவாச வாழ்க்கையைப் பற்றி மூன்று வரி". நல்ல கேள்விகள். மகள் அந்த மூன்று வரிக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள்.

ஆனால் வந்த விவரங்களைப் படித்தால் அலுத்துப் போகும். "தேவபயமுள்ள குடும்பம்." "ஜெபிக்கிற மகன்." "கர்த்தருக்குள் வளர்க்கப்பட்ட பிள்ளை." பதினாறு விவரம் வாங்கினேன், பதிமூன்றில் இந்த வரிகள்தான். நல்ல தரமான காட்டன் என்று எல்லாக் கடையும் எழுதி வைக்கிற மாதிரி. துணியைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும், இங்கே தொட்டுப் பார்க்க வழியில்லை. ஒரே ஒரு பையன் வித்தியாசமாக எழுதியிருந்தான்: "கல்லூரியில் மூன்று வருடம் சபைக்குப் போகவில்லை. இப்போது போகிறேன். காரணம் நேரில் சொல்கிறேன்." இவனைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாம் பக்கம் தொடங்கும் இடத்தில் சாதி, உட்பிரிவு, சான்றிதழ்படி மதம் என்று மூன்று கட்டம். சான்றிதழ் கேட்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1950-ம் வருட ஜனாதிபதி ஆணைப்படி பட்டியல் சாதியில் இருந்து கிறிஸ்தவராகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் திருத்தம் வந்தது, நமக்கு வரவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறியவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரு மதமும், பள்ளிக்கூடச் சான்றிதழில் இன்னொரு மதமுமாக வாழ்கிற குடும்பங்கள் கொங்கு நாட்டில் எத்தனையோ. அவர்களைக் குறை சொல்ல நான் யார். அந்தக் கட்டம் இருப்பது நியாயம், பின்னால் குழப்பம் வராமல் இருக்கும்.

சாதிக் கட்டத்தை நான் காலியாக விட்டேன். ஐயா பேனாவால் அதன் மேல் தட்டினார். "இது விட்டுப் போச்சுங்க."

"விட்டுப் போகலைங்க, விட்டுட்டேங்க."

"எழுதலைன்னா வரன் வராதுங்க. நான் பார்க்கறதில்லைங்க, வர்றவங்க பார்க்கறாங்க."

அவர் சொன்னது சரியாகப் போய்விட்டது. வந்த விவரங்களில் "எதிர்பார்ப்பு" என்ற இடத்தைப் பாருங்கள். விசுவாசமுள்ள பெண் என்று ஒரு வரி, அதே இனம் மட்டும் என்று அடுத்த வரி. சிலதில் "சாதி தடையில்லை" என்று பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்திலேயே சின்ன எழுத்தில் "எஸ்.சி. மன்னிக்கவும்". எங்கள் அப்பாரு (தாத்தா) முத்தூர் பக்கம் ஒரு பண்ணையத்தில் ஆளாக இருந்தவர். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. அந்த விவரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரயிலில் திரும்பி வரும்போது, மன்னிக்கவும் என்ற வார்த்தையை எத்தனை தடவை படித்தேனோ தெரியவில்லை. யாரை யார் மன்னிக்கிறது?

எழுதாதவர்கள் வேறு வழியில் கேட்பார்கள். "சொந்த ஊரே திருப்பூருங்களா, தெக்க திருநெல்வேலி பக்கமுங்களா?" கோவையிலும் திருப்பூரிலும் சபைகளில் தெற்கத்திக் குடும்பங்கள் நிறைய, அதனால் இந்தக் கேள்வி கேட்பதற்கு மரியாதையாக இருக்கும். நான் "முத்தூருங்க" என்பேன். "ஓ, அப்படீங்களா" என்பார்கள். அந்த "ஓ"வின் நீளத்தை வைத்தே அடுத்த போன் வருமா வராதா என்று சொல்லிவிடுவேன், பதினோரு மாதத்தில் அவ்வளவு பழகிவிட்டது.

மே மாதம் ஒரு பள்ளிக்கூட அரங்கில் வரன் அறிமுகக் கூட்டம் வைத்தார்கள். ஆளுக்கு 300 ரூபாய் தனி. காலை 9:30 என்று போட்டிருந்தார்கள், 11 மணிக்குத்தான் ஆரம்ப ஜெபம். பிள்ளைகளை மேடையில் ஏற்றவில்லை, அந்த மட்டும் நல்லது. மைக்கில் எண்ணை மட்டும் வாசிப்பார்கள். "எண் 43, வயது 29, பி.இ., ஐ.டி., சி.எஸ்.ஐ., மாநிறம், பெண் கறுப்பாக இருந்தாலும் பரவாயில்லை." கடைசி வரியைப் பெரிய மனது போல வாசித்தார்கள். எண் 43-இன் அம்மா எழுந்து நின்று கையசைத்தார். மதியம் தக்காளி சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு. சாப்பாடு நன்றாக இருந்தது, அதையும் எழுதிவிட வேண்டும்.

சாப்பிடும்போது பக்கத்தில் ஒரு பெரியவர், பெந்தெகொஸ்தே சபை, ரொம்பப் பிரியமாகப் பேசினார். சாதி பார்ப்பதை நான் குறையாகச் சொன்னதும் சிரித்துக்கொண்டே, "ஆபிரகாமே சொந்தத்துலதானுங்களே பொண்ணு எடுத்தாரு" என்றார். ஆதியாகமம் 24-ம் அதிகாரம், மகன் ஈசாக்குக்கு ரெபெக்காளைப் பெண் எடுத்த கதை. அந்த அதிகாரத்தைத்தான் எல்லாக் கல்யாணத்திலும் வாசிக்கிறோம். கானானியரிடம் எடுக்காதே, என் இனத்தாரிடம் போ என்று ஆபிரகாம் ஊழியக்காரனிடம் சொல்வது உண்மைதான். ஆனால் கிணற்றடியில் ஊழியக்காரன் வைத்த சோதனை வேறு. முன்பின் தெரியாதவனுக்குத் தண்ணீர் கொடுப்பதோடு, கேட்காமலேயே அவன் ஒட்டகங்களுக்கும் வார்க்கிற பெண் வேண்டும் என்றுதான் ஜெபித்தான். பத்து ஒட்டகம். தாகத்தோடு வந்த பத்து ஒட்டகத்துக்குக் குடத்தில் மொண்டு ஊற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கடைசியில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, இந்த மனுஷனோடு போகிறாயா என்று கேட்கிறார்கள். "போகிறேன்" என்கிறாள். இரண்டையும் விட்டுவிட்டுச் சொந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். அப்படிச் சொந்தம்தான் கணக்கு என்றால் அந்நிய இனத்து மோவாபியப் பெண் ரூத் மத்தேயு முதல் அதிகாரத்தில் இயேசுவின் வம்ச அட்டவணைக்குள் எப்படி வந்தாள் என்று கேட்டேன். பெரியவர் தயிர் சாதம் போட்டுக்கொள்ளப் போய்விட்டார்.

சரி, இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் 1,500 ரூபாய் வீண் இல்லை என்கிறேன்? ஐயாவின் வீட்டம்மா காரணம். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதுக்கு மேல் இருக்கும். லெட்ஜரைத் தொடுவதே இல்லை. பெண்ணோ பையனோ பதிவுக்கு வந்தால் பெற்றவர்களைக் கீழே டீ குடிக்க அனுப்பிவிட்டு, பிள்ளையிடம் தனியாகப் பேசுவார். இது கட்டணத்திலும் விளம்பரத்திலும் இல்லை. என்னையும் வீட்டுக்காரியையும் "போய்ட்டு வாங்க தம்பி, மெதுவா வாங்க" என்று அனுப்பிவிட்டார். மகள் ரயிலில் சத்தமாகச் சொன்னதை, எதிர் சீட்டுக்காரர்களோடு சேர்ந்து நானும் கேட்டேன்.

முதல் கேள்வி: "கல்யாணம் முடிஞ்சு வர்ற முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில நீ எங்க இருப்ப?" மகள், கோயிலில் என்றிருக்கிறாள். "யாரோட?" அவரோட. "அவருக்குத் தூக்கம்னா?" நான் மட்டும் போவேன். "எத்தனை ஞாயிறு?" இந்த இடத்தில் மகளுக்கு அத்தை ஞாபகம் வந்துவிட்டதாம்.

இரண்டாவது கேள்விதான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேச்சு. "ராத்திரி ரெண்டு மணி. குழந்தைக்கு 103 காய்ச்சல். நீ ஜெபம் பண்ணிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறே. அவங்க வீட்ல, முதல்ல கோயில்ல மந்திரிச்சுக் கயிறு கட்டிட்டுப் போலாம்னு சொல்றாங்க. என்ன செய்வே?" மகள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் டீச்சரம்மா அதையே திருப்பிப் போட்டிருக்கிறார். "சரி, அவங்க கிறிஸ்தவங்கதான். ஆனா மருந்து எடுக்கறது அவிசுவாசம், ஜெபம் மட்டும் போதும்னு சொல்ற சபை. இப்போ என்ன செய்வே?"

இதைக் கேட்டதும் எதிர் சீட்டில் இருந்த அம்மா, "ஏங்கண்ணு, நீ என்ன சொன்னே?" என்று கேட்டுவிட்டார். "ரெண்டுலயும் குழந்தையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன்னேன், அத்தே" என்றாள் மகள். "அதுக்கு அவங்க, தூக்கிட்டுப் போறப்ப பைக் ஓட்டறது யாருன்னு யோசிச்சுப் பார்த்துக் கட்டிக்கோன்னாங்க."

மூன்றாவது, தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கையை, யார் சம்பளத்தில் இருந்து, யாரிடம் சொல்லிவிட்டுக் கொடுப்பாய் என்பது. அது எங்கள் வீட்டிலேயே தீராத வழக்கு என்பதால் வேகமாகக் கடந்து போகிறேன்.

ஒரே விசுவாசம் என்பதை நான் அதுவரைக்கும் இப்படி யோசித்ததில்லை. கிறிஸ்தவப் பையன் என்றால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். பதினோரு மாதத்தில் பார்த்தது வேறு. கருமத்தம்பட்டிப் பக்கமிருந்து ஓர் ஆர்.சி. குடும்பம் வந்தது, அருமையான மனிதர்கள், ஆயரின் அனுமதி வாங்க வேண்டும், பிறக்கிற பிள்ளைகளைக் கத்தோலிக்கத்தில் வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்று பையன் வாக்குறுதி கொடுக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் சபைச் சட்டம் அது, மறைக்காமல் முதலிலேயே சொன்னார்கள். அவர்களுக்கு ஆயர் என்றால் பிஷப், எங்களுக்கு ஆயர் என்றால் பாஸ்டர், அந்தக் குழப்பம் தீரவே கால் மணி நேரம் ஆனது. இன்னொரு வீட்டில் நகை போடாத சபை. மகளுக்கு நகை ஆசை கிடையாது, ஆனாலும் அம்மா காதில் கிடக்கிற தோட்டையும் பார்த்துப் பேசினார்கள், வீட்டுக்காரிக்குச் சுருக்கென்றது. ஒரு குடும்பம் எங்கள் சி.எஸ்.ஐ.தான், ஆராதனை முறை, பாட்டு எல்லாம் ஒன்று. எல்லாம் பேசி முடித்துவிட்டுத் தாழ்ந்த குரலில் மகளின் நட்சத்திரம் கேட்டார்கள். "நாங்க நம்பறதில்லைங்க, ஆயா கேக்கறாங்க." சபைகள் 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் ஒன்றாகக் கூடி சி.எஸ்.ஐ. ஆகிவிட்டன. ஆயாவுக்கு இன்னும் தகவல் போகவில்லை போல.

இரண்டாம் தடவை போனபோது நானே டீச்சரம்மாவிடம் தங்கச்சி மகனைப் பற்றிக் கேட்டேன். என்ன சொல்வார் என்று தெரியும், அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக, பவுல் எழுதிய 2 கொரிந்தியர் 6:14. எல்லா இளைஞர் கூட்டத்திலும் கேட்ட வசனம். சொன்னார். ஆனால் கூடவே, "அந்த இடத்துல பவுல் கல்யாணத்தைப் பத்தி மட்டும் பேசலை தம்பி, எல்லாக் கூட்டையும் பத்திப் பேசறார். கல்யாணத்துக்குன்னு நேராச் சொன்னது முதலாம் கொரிந்தியர் ஏழாம் அதிகாரத்துல. விதவைக்குச் சொல்றார், இஷ்டப்பட்டவரைக் கட்டிக்கோ, ஆனா கர்த்தருக்குட்பட்டவரா இருக்கட்டும்னு. பவுலுக்கு வேற நிபந்தனையே இல்லை பாருங்க" என்றார். அந்த அம்மா உட்கார்ந்திருந்த மேஜையில்தான் சாதிக் கட்டத்தோடு படிவம் இருந்தது. நான் அதைப் பார்த்தேன், அவரும் பார்த்தார். ஐயா லெட்ஜரில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

தங்கச்சியைப் பற்றியும் கேட்டேன். அப்பா செய்தது பாவமா என்று. அதே ஏழாம் அதிகாரத்தைத்தான் காட்டினார். ஏற்கெனவே கட்டிக்கொண்டவளுக்குப் பவுல் சொல்வது வேறு: புருஷன் அவிசுவாசியாக இருந்தாலும், கூட வாழச் சம்மதிக்கிறவன் என்றால் தள்ளிவிடாதே, அவனும் உன்னால் பரிசுத்தமாகிறான், பிள்ளைகளும் அப்படியே. "கல்யாணத்துக்கு முன்னாடி சொல்ற வசனத்தை எடுத்துக் கல்யாணம் ஆனவ தலையில போடக் கூடாது" என்றார். இதை எங்கள் சபையில் யாராவது முப்பது வருடத்துக்கு முன்னால் என் தங்கச்சியிடம் சொல்லியிருந்தால் அவள் வருவதை இவ்வளவு குறைத்திருக்க மாட்டாளோ என்னவோ. கோயில் வாசலில் அவளைப் பார்த்துக் குசுகுசுத்தவர்களை எனக்கும் தெரியும்.

நுகம் என்றதும் அம்மா, காளையையும் கழுதையையும் ஒரே ஏரில் பூட்டக் கூடாது என்ற உபாகமச் சட்டத்தைச் சொல்லி, ஒன்று பலம், இன்னொன்று பலவீனம் என்று விளக்கினார். அந்த விளக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. கோவை டவுனில் வளர்ந்தவர், பூட்டிப் பார்த்திருக்க மாட்டார். அப்பாரு பண்ணையத்துக் காங்கேயம் காளைகளை ஓட்டியவர். மாடு அவருடையது இல்லை, கைதான் அவருடையது. சந்தைக்கு ஜோடி சேர்க்கப் போகும்போது பண்ணையக்காரர் இவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார். அப்பாரு பல்லைப் பார்த்துவிட்டு, மாட்டை நடக்க விட்டு, பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்து போவாராம். பார்ப்பது நடை. பலமான இரண்டு காளையிலேயே ஒன்று எட்டி வைக்கும், ஒன்று நிதானமாக வைக்கும். உயரமும் கொஞ்சம் பிசகினால் நுகத்தடி சாய்ந்துவிடும், உழுது முடித்துப் பூட்டாங்கயிற்றை அவிழ்த்தால் ஒரு மாட்டுக்குக் கழுத்து புண்ணாகியிருக்கும். வேப்பெண்ணெய் போட்டுக்கொண்டே அப்பாரு சொல்வது, "ரெண்டும் நல்ல மாடுதான். சேர்த்தவனைச் சொல்லோணும்."

இதை டீச்சரம்மாவிடம் சொன்னேன். ஒரு தாளை எடுத்து எழுதி வைத்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் சொல்லப் போகிறார் என்று நினைக்கிறேன், சொல்லட்டும்.

தங்கச்சி மகனிடம் நானேதான் போய்ப் பேசினேன். அவன் வருத்தப்பட்டிருக்க வேண்டும், காட்டிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மாமா, நான் வேணா ஞானஸ்நானம் எடுத்துக்கறனுங்" என்றான். பஸ் பாஸ் எடுத்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி அவ்வளவு சுலபமாக, அவ்வளவு பாசமாக. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சரி என்று சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் சந்தோஷப்பட்டிருப்பார்கள். மையத்தில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள், ஞானஸ்நானம் பெற்று ஒரு வருடம் ஆகாதவர் பெயரை லெட்ஜரில் ஏற்ற மாட்டார்கள். முதலில் கேட்டபோது அது கறாராகப் பட்டது, அன்றைக்கு அதன் அருமை தெரிந்தது. "எனக்காக எடுக்காதே சாமி, என் பொண்ணுக்காகவும் எடுக்காதே" என்று மட்டும் சொன்னேன். மதம் வேறு என்றாலும் சட்டத்தில் வழி இருக்கிறது. 1872-ம் வருடக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும். 1954-ம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டப்படி நெருங்கிய சொந்தம் இல்லாதவர்கள் 30 நாள் நோட்டீஸ் போட்டு அவரவர் மதத்தில் இருந்துகொண்டே கட்டிக்கொள்ளலாம். என் மகள் அப்படி யாரையாவது காட்டியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியவில்லை. அவள் காட்டவில்லை. அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் ஆள் வேண்டும் என்றாள்.

இனி சேவைக் குறைகள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன். லெட்ஜரில் பழைய பெயர்களை அடிப்பதில்லை. நான் போன் செய்த ஒரு வீட்டில் பையனுக்குக் கல்யாணமாகிக் குழந்தைக்கு ஞானஸ்நானமே கொடுத்துவிட்டார்கள், என்னையும் வாழ்த்தச் சொன்னார்கள், வாழ்த்தினேன். நம்பர் வெளியே போகிறது. பதிவு செய்த இரண்டாம் வாரத்தில் இருந்து எங்கெங்கோ இருந்து புரோக்கர்கள் கூப்பிடுகிறார்கள், ஐயாவிடம் கேட்டால் பேரனைப் பார்க்கிறார், பேரன் போனைப் பார்க்கிறான். மகளுக்கென்று தனி நம்பர் கொடுக்காதீர்கள், அப்பா நம்பரை மட்டும் கொடுங்கள். பத்து விவரம் இலவசம் என்பதில் ஏற்கெனவே முடிந்துபோன வரன்களையும் எண்ணிக்கொள்கிறார்கள். சண்டை போட்டு மூன்றைக் கழித்தேன். சனிக்கிழமை தவிர வேறு நாளில் போனை எடுப்பதில்லை. லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், கல்யாணம் வைப்பதில்லை என்பதால் அந்த நாற்பது நாளும் மையமே தூங்கி வழியும், அந்தச் சமயத்தில் பதிவு செய்தால் ஒரு மாதம் நஷ்டம்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்று. ஐயாவுக்கும் லெட்ஜருக்கும் ஒன்று, மிச்சம் இரண்டும் டீச்சரம்மாவுக்கு. சாதிக் கட்டத்தை எடுத்தால் நாலு போடுவேன். போன மாதம் அதை நேராகவே கேட்டேன். "எடுத்துட்டா ஆள் வராதுங்க" என்றார் ஐயா. "வர்ற ஆள் வரட்டும்" என்றார் வீட்டம்மா. எனக்கு முன்னாலேயே இரண்டு பேருக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது, நான் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். போவதாக இருந்தால் 11 மணிக்குள் போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் அந்த அம்மா இருப்பதில்லை. அவரிடம் பேசாமல் பணம் மட்டும் கட்டிவிட்டு வந்தால் உங்களுக்குக் கிடைப்பது ஜெராக்ஸ்தான், அது கீழ்க்கடையிலேயே கிடைக்கும்.

மூன்று வருடம் சபைக்குப் போகவில்லை என்று எழுதியிருந்த அந்தப் பையன், தாராபுரம் பக்கம். லேப் டெக்னீஷியன். படிவத்தில் அவனும் சாதிக் கட்டத்தை நிரப்பவில்லை. வேண்டுமென்றே விட்டானா, மறந்துவிட்டானா என்று நான் கேட்கவில்லை. போன வாரம் குடும்பத்தோடு வந்தார்கள். கை நனைக்கக் கூடாது, பேசி முடிக்காமல் சாப்பிட மாட்டார்கள் என்று வீட்டுக்காரி காபி மட்டும் போட்டு வைத்திருந்தாள். பையனின் அப்பா வந்து உட்கார்ந்ததும், "தாராபுரத்துல இருந்து பஸ்ஸுல வர்றோமுங்க, பசிக்குதுங்க" என்றார். அவசரமாகத் தோசை வார்த்தோம்.

மகள் அவனை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் டீச்சரம்மாவின் இரண்டாவது கேள்வியைக் கேட்டிருக்கிறாள். கீழே வரைக்கும் கேட்டது, அவள் குரல் அப்படி. பையன் உடனே பதில் சொல்லவில்லையாம். எங்கம்மா வேறு மாதிரி, நான் வேறு மாதிரி, யோசித்து வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறான். உடனே பதில் சொல்லியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது என்கிறாள் இவள்.

பதிவு அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்க மறுபடியும் 1,500 ரூபாய், பழைய ரசீதைக் காட்டினால் 200 குறைப்பார்களாம். ரசீதைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு கட்டட்டுமா என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கப்பா" என்றாள்.